மச்சான் வாங்கிய பட்டாளத் துப்பாக்கி

ஜனவரி 9, ஜெலுத்தோங், பினாங்கு

காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது ஒஹாயோவிலிருந்து மச்சான் கூப்பிட்டான். மனைவியின் தம்பி. அங்கே அப்போது இரவு. பழைய ராணுவக் கைத்துப்பாக்கிக்கு மனுப் போட்டிருந்தானே, அதற்கு முறை நெருங்கிவிட்டதாம்.

சி.எம்.பி. (சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம்) என்ற அமைப்பு, அமெரிக்க ராணுவம் கழித்த எம்1911 கைத்துப்பாக்கிகளை 2018 முதல் அங்குள்ள குடிமக்களுக்கு விற்கிறது. மச்சான் மனுவைத் தபாலில் அனுப்பினான். குலுக்கல் முறையில் ஓர் எண் கிடைத்தது. அந்த எண் வந்ததும் போன் வரும், எந்தத் தரம் வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். சர்விஸ், ஃபீல்டு, ரேக் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். ரேக் என்றால் துருவும் குழியும் கூடுதல், விலை குறைவு.

"அத்தான், நீங்க ஃபிட்டரா இருந்தவர், எதை எடுக்கட்டும்?"

நடுவில் உள்ளதை எடு என்றேன். மேல்பூச்சு தேய்ந்திருந்தால் பாதகமில்லை. குழி விழுந்த இரும்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போனை வைத்ததும் மனைவி, "நீங்க பேச்சோட நிறுத்திக்குங்க" என்றாள். நம் ஊரில் 1960 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் வம்புதான். கொள்ளையடிக்கப் போன இடத்தில் சுட்டால் 1971 சட்டம் தூக்குவரை கொண்டுபோகும். 2023-இல் கட்டாய மரண தண்டனையை எடுத்தார்கள், அவ்வளவுதான். எனக்கு இரும்பைப் பற்றிப் பேசினாலே போதும்.

ஜனவரி 27

துப்பாக்கி வந்துவிட்டது. நேராக வீட்டுக்கு வராது. உரிமம் பெற்ற கடைக்குத்தான் அனுப்புவார்கள். சி.எம்.பி. ஒரு தடவை, கடைக்காரர் ஒரு தடவை, ஆக இரண்டு பின்னணிச் சோதனை முடிந்து கையில் வாங்கியிருக்கிறான்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடில் ரெமிங்டன் ராண்ட் என்று இருக்கிறது. டைப்ரைட்டர் செய்த கம்பெனி! இரண்டாம் உலகப் போரில் இந்தத் துப்பாக்கியை மற்ற எல்லாரையும்விட அதிகமாகச் செய்தது அவர்கள்தான். ரயில்வே சிக்னல் செய்த கம்பெனிகூடச் செய்திருக்கிறது. தையல் மெஷின் செய்த சிங்கர் ஐந்நூறே ஐந்நூறு துப்பாக்கிதான் செய்து கொடுத்தது, இன்று அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

மச்சானுக்கு ஒரு மனக்குறை. கீழே கைப்பிடியோடு இருக்கும் பிரேம் கோல்ட் என்ற வேறு கம்பெனியுடையது. ஏமாற்றிவிட்டார்களோ என்று கேட்கிறான். ராணுவப் பட்டறையில் பத்து இருபதை ஒன்றாகக் கழற்றி, கைக்கு வந்த பாகத்தைப் போட்டுப் பூட்டிய காலம் அது. ஒரு தொழிற்சாலையின் ஸ்லைடு இன்னொன்றின் பிரேமில் அரம் தொடாமல் உட்கார்கிறது என்றால் அளவு எவ்வளவு சுத்தமாக இருந்திருக்க வேண்டும்! அதைச் சொன்னேன். அரை மனதாகத் தலையாட்டினான்.

பிப்ரவரி 2

வீடியோவில் கழற்றினோம். முதலில் தோட்டா அடுக்கும் மேகசினை எடுக்கச் சொன்னேன். ஸ்லைடை இழுத்து, தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணாலும் பார், சுண்டுவிரலாலும் தடவிப் பார் என்றேன். காலி. அப்புறம் முன்பக்கம் ஸ்பிரிங்கை மூடியிருக்கும் பிளக்கை அமுக்கி, குழல் முனையைப் பிடித்திருக்கும் புஷ் வளையத்தைத் திருப்ப வேண்டும். கட்டைவிரலை எடுக்காதே என்று சொல்லி வாய் மூடவில்லை, டங் என்று ஒரு சத்தம். பிளக் கூரையில் அடித்து எங்கேயோ போய் விழுந்தது. ஐஸ்பெட்டிக்கு அடியில் துடைப்பத்தை விட்டு எடுத்தான். என் மனைவி இங்கே சிரித்த சிரிப்பு ஒஹாயோவுக்கே கேட்டிருக்கும்.

உள்ளே பழைய கிரீஸ் மெழுகாகக் கெட்டிப்பட்டிருந்தது. மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும் போதும். கம்பிப் பஞ்சு கூடவே கூடாது. அந்தச் சாம்பல்பச்சை நிறம் அழுக்கு இல்லை, பாஸ்பேட் பூச்சு. எண்ணெயைப் பிடித்து வைப்பதே அதுதான். பளபளவென்று தேய்த்தால் பூச்சும் போகும், விலையும் போகும்.

குழலுக்குப் பின்னால் வெள்ளைத் தாளை வைத்துக் காட்டினான். குழலுக்குள் இடப்பக்கமாகச் சுழலும் ஆறு பள்ளங்களும் தெளிவாகத் தெரிந்தன. புது ஸ்பிரிங் பக்கத்தில் பழையதை நிற்க வைத்தால் ஒரு விரற்கடை குட்டை. மாற்றிவிட்டான். ஸ்லைடு ஓடும் தடத்தில் மெல்லிய எண்ணெய், தோட்டாவைத் தட்டும் ஊசி ஓடும் துளையை மட்டும் காய விடு என்றேன்.

பிப்ரவரி 15

தைப்பூசக் கூட்டம் எல்லாம் ஓய்ந்துவிட்டதால் காலையில் லோரோங் கூலிட் பழஞ்சாமான் சந்தைக்குப் போனேன். ஸ்டேடியம் ஓரத்தில் பழைய கடிகாரம், காசு பரப்பியிருந்த சீனப் பெரியவரிடம் பிரிட்டிஷ்காரன் காலத்துக் கித்தான் துப்பாக்கி உறை ஒன்று இருந்தது. மூடிக்கு உள்ளே பிரிட்டிஷ் ராணுவத்தின் அம்புக்குறி, 1943. எண்பது வெள்ளி சொல்லி ஐம்பதுக்கு இறங்கினார். சைஸைப் பார்த்தால் .38 ரிவால்வருக்குத் தைத்தது. மச்சானுடையது இதில் நுழையாது, நுழைய வேண்டியதும் இல்லை. பூஞ்சணத்தை உலர்ந்த பிரஷால் தட்டி, நிழலில் காற்றாட வைத்திருக்கிறேன்.

படத்தைப் பார்த்ததும் அவனுக்கும் ஆசை. தோல் உறை வாங்கி அதிலேயே வைத்துவிடலாமா என்கிறான். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், துப்பாக்கியை உள்ளே விட்டால் துரு பிடிக்கும். உறை தனி, துப்பாக்கி தனி என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 23

சுடும் களத்துக்குப் போய் வந்தான். ஆரம்பத்தில் தோட்டா மூக்கு இடித்து நின்றிருக்கிறது. துப்பாக்கியின் தலையில் பழியைப் போடப் பார்த்தான். மேகசினை மாற்றிப் பார் என்றேன், சரியாகிவிட்டது. பழைய மேகசினில் தோட்டாவைப் பிடிக்கும் மேல் உதடு விரிந்திருந்தது.

அங்கே ஒருவர் போர்க்காலத் தோட்டாவை மலிவாகத் தருகிறேன் என்றாராம். அதைப் பற்றவைக்கும் பின்பக்க மருந்து எரிந்து விடும் உப்பு குழலில் படிந்து ஈரத்தை இழுக்கும். எண்ணெயால் போகாது, கொதிநீர் ஊற்றித்தான் கழுவ வேண்டும். வேண்டாம் என்று வந்துவிட்டான்.

இந்த ஸ்பிரிங்கை எப்போது மாற்றுவது என்று கேட்டான். காலி வெடியுறை எங்கே போய் விழுகிறது என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள், நாளாக ஆக அதைவிடத் தூரம் பறக்க ஆரம்பித்தால் மாற்று என்றேன். அடுத்த தடவை தரையில் சுண்ணாம்புக் கோடு போடப் போகிறானாம்.