லண்டன் எழுத்தும் குத்தாலத்துப் புள்ளியும்

வைட்சேப்பலில் ரயில் நின்றதும் நிமிர்ந்து பார்த்தேன். ஸ்டேஷன் பெயர் வங்காள எழுத்தில்! 2022இல் வைத்ததாம். சந்தோஷப்படுவதற்குப் பதில் வயிறுதான் எரிந்தது. அதே டிஸ்ட்ரிக்ட் லைனில் கொஞ்சம் தள்ளி நான் குடியிருக்கும் ஈஸ்ட் ஹாம். முருகன் கோயில், மல்லிகைப்பூ, கருவேப்பிலை எல்லாம் உண்டு. அப்போ எங்களுக்கு எப்போது?

சரி, பலகையைப் பார்க்கத் தொடங்கினால் இந்த ஊர் விடாது. சுரங்க ரயிலின் எழுத்துருவை 1913இல் எட்வர்ட் ஜான்ஸ்டனிடம் கேட்டவர் அந்த ரயில் கம்பெனி அதிகாரி ஃபிராங்க் பிக். 1916இல் புழக்கத்துக்கு வந்தது. 1979இல் எய்ச்சி கோனோ என்ற ஜப்பானியர் அதைத் திருத்தி வரைந்தார். ஜான்ஸ்டன் கையெழுத்துக் கலைஞர். பட்டை முனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்துப் புள்ளி வைத்தால் வட்டமாக விழாது, சாய்சதுரமாக விழும். அதை அப்படியே ஸ்மால் ‘ஐ’, ‘ஜே’ தலையில் ஏற்றிவிட்டார். இத்தனை இரும்புக்கும் எனாமலுக்கும் நடுவே ஒரு மனுஷன் கை தெரிகிறது. இப்போதெல்லாம் ரயில் வருவதற்குள் அந்தப் புள்ளியைத்தான் தேடுகிறேன். லண்டன்காரனாகிவிட்டேன் என்று ஒரு நினைப்பு.

நினைப்புதான். புள்ளி என்றதும் மனசு குத்தாலத்துக்கு ஓடிவிடுகிறது. எங்கள் ஊர் பெயின்டர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார், குட்டி வட்டம் போடுவார். பஸ் பலகையில் ‘கும்பகோணம்’ எழுதினால் இரண்டு ‘ம்’ தலையிலும் வட்டம், கடைசி வட்டம் ஒரு சுற்றுப் பெரிதாக. ‘வழி ஆடுதுறை’யில் ‘ழி’யின் வால் கீழே ஆரஞ்சுக் கோட்டைத் தொடும். 1978 எழுத்துச் சீர்திருத்தமெல்லாம் அவரிடம் செல்லாது. அரிசி ஆலைச் சுவரில் தும்பிக்கை வைத்த பழைய ‘லை’தான். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமலே எழுதுவார்கள். எழுத்தாணி குத்தி ஓலை கிழிந்துவிடும் என்பார்கள். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் அப்படிப்பட்ட சுவடிகள் இருக்கின்றன. அந்த பாக்கியையெல்லாம் வட்டியோடு தீர்த்தவர் எங்கள் பெயின்டர். இப்போது பஸ் நெற்றியில் எல்இடி ஓடுகிறது. மத்தியான வெயிலில் புள்ளி என்ன, ஊரே தெரியாது.

ஆலைச் சுவர் மட்டும் மிச்சம். சித்தப்பா மகனுக்கு போன் போட்டு, “தம்பி, சுவர்ல கீழே ‘குத்தாலம்’னு இருக்கும். அந்தக் கடைசி ‘ம்’மைக் கிட்டப் போய் ஒரு போட்டோ எடுடா” என்றேன்.

“இதுக்காண்ணே லண்டன் போனீங்க?”

ஆனாலும் சாயங்காலமே அனுப்பிவிட்டான். செல்ஃபி. ‘குத்தா’ வரை பளிச்சென்று தெரிகிறது. மீதியை அவன் தலை மறைத்துக்கொண்டிருக்கிறது.