ஸ்வோபோடா வாரம்: நகானோ கோலுக்கு 25 வயது

பிப்ரவரி 14, 2023

இன்று செக் நாட்டு ஐஸ் ஹாக்கி டிஃபென்ஸ் ஆட்டக்காரர் பெட்ர் ஸ்வோபோடாவுக்கு 57 வயது. வரும் 22ஆம் தேதி அவர் 1998 நகானோ ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் அடித்து செக் அணிக்குத் தங்கம் வாங்கித் தந்த கோலுக்கு 25 வயது. அதனால் இந்த வாரம் முழுக்க அவரைப் பற்றித்தான். ஐஸ் ஹாக்கியில் முன்வரிசை ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசுவதில் பத்தில் ஒரு பங்குகூட டிஃபென்ஸ் ஆடுகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

பிறந்தது 1966ல், செக் நாட்டின் வடக்கே மோஸ்ட் என்ற ஊரில். நிலக்கரிப் பகுதி அது. பழைய மோஸ்ட் நகரத்துக்கு அடியிலேயே நிலக்கரி கிடந்ததால், அரசாங்கம் ஊரையே இடித்துவிட்டுப் பக்கத்தில் புது நகரம் கட்டியது. ஒரு பழைய தேவாலயத்தை மட்டும் இடிக்காமல், 1975ல் தண்டவாளம் போட்டு 841 மீட்டர் தூரம் அப்படியே நகர்த்தி வைத்தார்கள். அப்போது ஸ்வோபோடாவுக்கு ஒன்பது வயது. ஆடியது பக்கத்து ஊரான லித்வீனோவ் அணிக்கு. பெரிய இரசாயன ஆலை இருக்கிற சின்ன ஊர், கிளப்பின் பெயரிலேயே அந்த ஆலையும் ஒட்டிக்கொண்டிருந்த காலம். இந்த ஊர்ப் பெயரை மறந்துவிடாதீர்கள், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நிறைய வரும்.

பிப்ரவரி 16

1984. மேற்கு ஜெர்மனியில் ஐரோப்பிய ஜூனியர் போட்டி. செக்கோஸ்லோவாகியா அணியோடு போன ஸ்வோபோடா, அணியோடு திரும்பவில்லை. வயது 18. அந்தக் காலத்தில் அப்படிப் போனால் போனதுதான், அம்மா அப்பாவை மறுபடி எப்போது பார்க்கலாம் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னும் ஐந்தே வருடத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழும் என்று அன்றைக்கு யார் கண்டது? நமக்கு இப்போது வரலாறு தெரியும் என்பதால் அந்த முடிவு சுலபமாகத் தெரிகிறது. எனக்கு இவருடைய வாழ்க்கையில் நகானோவைவிடப் பெரிய நிகழ்ச்சி இதுதான்.

அப்புறம் அந்த ஜூனில் மான்ட்ரியால் ஃபோரம் அரங்கில் என்.எச்.எல். (வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) கிளப்புகள் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள். முதல் பெயர் மரியோ லெமியூ. ஐந்தாவதாக மான்ட்ரியால் கனேடியன்ஸ் வாசித்த பெயர் ஸ்வோபோடா. பெயரைக் கேட்டதும் அவரே நேரில் வந்து நிற்க, அரங்கமே ஆச்சரியப்பட்டது. கிளப்பின் பொது மேலாளர் செர்ஜ் சவார் அதுவரை அவரை வெளியே காட்டாமல் வைத்திருந்தார். அதே நாளில் 51ஆவதாக அதே கிளப் எடுத்த கோல்கீப்பர் பாட்ரிக் ருவா. 1986ல் கனேடியன்ஸ் என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது இரண்டு பேரும் அணியில் இருந்தார்கள்.

பிப்ரவரி 17

அப்புறம் மாறிய கிளப்புகள், சுருக்கமாக: 1992 மார்ச்சில் பஃபலோ, 1995ல் பிலடெல்ஃபியா, 1998 டிசம்பரில் டாம்பா பே. பஃபலோவில் செக் கோல்கீப்பர் டொமினிக் ஹாஷெக்கோடு ஒரே அணி. பிலடெல்ஃபியாவோடு 1997 இறுதிச் சுற்று வரை போய் டெட்ராய்ட்டிடம் தோற்றார்.

மொத்தம் 1028 ஆட்டம், 58 கோல். எண்ணை மட்டும் பார்க்கிறவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் அவர் வேலை கோல் அடிப்பது இல்லையே. எதிரணி பக்கை (ஹாக்கியின் ரப்பர் வட்டை) இவருடைய பகுதிக்குள் தள்ளிவிட்டு இரண்டு பேராகத் துரத்தி வரும்போது, ஒல்லியான இந்த மனிதர் பலகையோரம் பக்கை எடுத்து, தோளுக்கு மேலே ஒரு பார்வை, அடுத்த நொடியே நடுவில் ஓடுகிற தன் ஆளுக்குத் தட்டிவிடுவார். அந்தப் பாஸுக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். அதைச் செய்யத் தெரியாத டிஃபென்ஸ் இருக்கிற அணி இரவு முழுக்கத் தன் கோல் முன்னாலேயே கிடந்து அல்லாடும்.

பிப்ரவரி 20

25 வருடத்துக்கு முன் இதே நாள் அரையிறுதி, கனடாவோடு. என்.எச்.எல். தன் சீசனை நிறுத்தி ஆட்டக்காரர்களை அனுப்பிய முதல் ஒலிம்பிக் அது. கனடாவிடம் ஐஸ் ஹாக்கியின் மிகப் பெரிய நட்சத்திரமான க்ரெட்ஸ்கியே இருக்கிறார். செக் அணியிலோ உள்ளூர் லீகில் ஆடுகிறவர்களும் நிறைய. ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் கடைசியில் செக் அணிக்கு யிர்ஜி ஷ்லேகர் கோல் போட்டார், அவரும் டிஃபென்ஸ்தான். முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது கனடாவின் லிண்டன் சமன் செய்ய, ஒவ்வொருவராகக் கோல்கீப்பரை எதிர்கொள்ளும் ஷூட்அவுட் வரை போயிற்று. ராபர்ட் ரைஹெல் ஒன்று போட்டார். ஹாஷெக் ஐந்து பேரையும் தடுத்தார், ஐந்து பேரில் க்ரெட்ஸ்கி இல்லை, அது கனடாவில் இன்றும் ஆறாத புண்.

பிப்ரவரி 22

இறுதி ஆட்டம் முழுவதையும் மறுபடி பார்த்தேன். எதிரே ரஷ்யா. முதல் சுற்றில் செக் அணியை 2-1 என்று வென்ற ரஷ்யா, அரையிறுதியில் பாவெல் புரே ஒருவரே ஐந்து கோல் போட்ட ரஷ்யா. முதல் இரண்டு பகுதியிலும் கோல் இல்லை. ப்ராகில் அப்போது விடிந்தும் விடியாத காலை, பழைய நகரச் சதுக்கத்தில் பெரிய திரைக்கு முன்னால் கூட்டம்.

மூன்றாம் பகுதியில் 8 நிமிடம் 8 நொடி. பட்டேரா, ப்ரோஹாஸ்கா வழியாகப் பக் பின்னால் வருகிறது. ஸ்வோபோடா அவசரப்படவில்லை. ரஷ்ய கோல்கீப்பர் ஷ்டலென்கோவுக்கு முன்னால் இரண்டு நிறச் சட்டைகளும் குவிந்து மறைத்து நிற்கின்றன, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே அடிக்கிறார். அதிர்ஷ்ட கோல் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. பின்னால் நிற்கிற ஆள் வருடக்கணக்காகப் பழகுவது இதைத்தான்: கோல்கீப்பரால் பார்க்க முடியாத நேரம் பார்த்து, முன்னால் நிற்பவர் காலில் படாமல் பக்கை உள்ளே அனுப்புவது.

மீதி 11 நிமிடம் 52 நொடியும் ஹாஷெக் ஒன்றையும் விடவில்லை. 1-0.

சரி, இப்போது லித்வீனோவ். ஷ்லேகர் அங்கே ஆடி வளர்ந்தவர். ரைஹெல் அந்த ஊர்க்காரர். ஸ்வோபோடாவும் அங்கிருந்துதான். அதாவது கடைசி இரண்டு ஆட்டத்திலும் செக் அணிக்காகப் பக்கை வலைக்குள் போட்ட எல்லோரும் ஒரே சின்ன ஊர் அணியில் ஆடியவர்கள். பயிற்சியாளர் ஹ்லிங்கா, கேப்டன் ரூஷிச்கா, ருச்சின்ஸ்கி எல்லோரும் அதே அணிதான். இத்தனைக்கும் அந்த அணி முதல் லீக் பட்டம் வாங்கியது 2015ல்!

பிப்ரவரி 25

ஸ்வோபோடா ஆடிய ஒரே ஒலிம்பிக் அது. அடுத்த ஒலிம்பிக் வருவதற்குள், 2000-01 சீசனில் தலையில் பட்ட அடி அவர் ஆட்டத்தை முடித்துவிட்டது. பிறகு ஆட்டக்காரர்களின் ஏஜென்ட் ஆனார், செக் நட்சத்திரம் ஜாகருக்கும்கூட.

ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப், ஸ்டான்லி கோப்பை மூன்றையும் வென்றவர்களுக்கு ஒரு தனிப் பட்டியல் உண்டு. ஷ்லேகர் அதில் இருக்கிறார், ஸ்வோபோடா இல்லை. உலக சாம்பியன்ஷிப் ஆடும் வயது வந்தபோது அவருக்குச் சொந்த நாட்டின் சட்டையே கிடையாது, பின்னால் அந்தக் கதவு திறந்தபோது என்.எச்.எல். பிளே-ஆஃபும் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) உலக சாம்பியன்ஷிப்பும் வருவது ஒரே பருவத்தில். அந்தப் பட்டியலை யாராவது என்னிடம் நீட்டும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வருவதில்லை. அடுத்த வாரம் ஷ்லேகர்.