சால், தும்பி, வால்கயிறு

மே 2

நைனாவின் தொண்டை அறுவைக்குத் தேதி சொல்லிவிட்டார்கள். 21, செவ்வாய்க்கிழமை. நைனா எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் நுங்கு வாங்கிக் கொடுத்தேன். ஒரு சுளையை விழுங்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

நைனாவின் சொற்களுக்காகச் சொல் சேர்க்கும் குழுவுக்குப் படிவம் அனுப்பிப் பதினொரு நாள். இன்னும் "பரிசீலனையில்".

மே 4

அக்னி நட்சத்திரம் இன்று தொடங்குகிறது. காலை ஒன்பது மணிக்கே சத்துவாச்சாரி தெருவில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை.

குழுவிலிருந்து மூன்று பதில்கள் ஒன்றாக வந்தன. கவலை: "இச்சொல் ஏற்கெனவே உள்ளது. பொருள்: மனவருத்தம்." தும்பி: "ஏற்கெனவே உள்ளது. பூச்சி வகை." சால்: "ஏற்கெனவே உள்ளது. உழவுச்சால்." மூன்றும் நிராகரிப்பு. பொருள் விளக்கத்தை மூன்றுக்கும் தனித்தனியாக எழுதியிருந்தேன். மாடு கட்டி நீர் இறைப்பது கவலை, தண்ணீர் மொள்ளும் இரும்புப் பாத்திரம் சால், அதன் அடியில் யானைத் துதிக்கை மாதிரி தொங்கும் தோல் குழாய் தும்பி. இரண்டு வரிகளைக் கூடப் படிக்காமல் எப்படித் தள்ள முடிகிறது?

மறுபடி அனுப்பினேன். இந்த முறை தானியங்கிச் சோதனை நிறுத்தியது: "எழுத்துப் பிழையா? 'கலவை' என்று திருத்தவும்." கலவை எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். அங்கேதான் நைனா சந்தைக்குப் போவார்.

மே 7

இரவு இரண்டு மணி. மின்விசிறி அனலை வீசுகிறது. அடுத்த அறையில் நைனாவின் மூச்சு, ஈரக்கட்டையை அறுக்கிற மாதிரி.

மே 9

ஊர் எந்த மாவட்டம் என்று கேட்கிறார்கள். "வடாற்காடு" என்று எழுதினேன், நைனா அப்படித்தான் சொல்வார். இப்போதுள்ள 38 மாவட்டங்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். "ராணிப்பேட்டை" என்று மாற்றினேன். உடனே அடுத்த கேள்வி: சொல் பழையது, மாவட்டம் 2019இல் உருவானது, முரண்பாட்டை விளக்கவும்.

விளக்கினேன். வடாற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது, எங்கள் பாதிக்கு வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வந்தது, பிறகு வேலூர் மாவட்டம், 2019இல் ராணிப்பேட்டை. இத்தனைக்கும் நைனாவின் வீடு அதே வீடு, கிணறு அதே கிணறு. இதைத் தட்டச்சு செய்ய முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் அவரை இன்னும் நான்கு சொற்கள் சொல்ல வைத்திருக்கலாம்.

பதில்: "விளக்கம் துணைக்குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது."

மே 10

அண்ணன் போன் செய்தான். பணம் பற்றி. கத்தினேன். பிறகு நானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

மே 12

இன்று நல்ல நாள். நைனாவுக்குக் காலையில் தொண்டை கொஞ்சம் தெளிந்திருந்தது. முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பைக் கரைத்துக் கொடுத்தேன், அரை டம்ளர் குடித்தார். ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, போனைத் தலையணை மேல் வைத்தேன். வியர்வை வழிய வழிய ஒன்றரை மணி நேரம் பேசினார்.

கையை வைத்துக் காட்டிக்கொண்டே பேசினார். இடது உள்ளங்கை கிணறு, வலது கை மாடு ஏறி இறங்கும் சரிவு. மாடு சரிவில் இறங்கும்போது இறைப்பவர் வடக்கயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாராம். அந்தப் பாரத்தில் சால் எளிதாக மேலே வரும். அப்புறம் மாடு பின்னோக்கி நடந்தே மேலேற வேண்டும். புது மாட்டுக்கு இதைப் பழக்குவதுதான் கஷ்டம், முன்னால் போகத் தெரிந்த பிராணிக்குப் பின்னால் போகச் சொல்லித் தருவது என்றார்.

தும்பியின் வாயை மேலே தூக்கிப் பிடித்திருப்பது வால்கயிறு. வடக்கயிறு உருளை மேல் ஓடும், வால்கயிறு கீழே தனியாக ஓடும். சால் மேலே வந்து நிற்கும் நேரத்தில் தும்பியின் வாய் தொட்டியில் விழுந்து தண்ணீர் தானாகக் கொட்டும். வால்கயிறு ஒரு சாண் நீளமாகிவிட்டால் பாதி வழியிலேயே தண்ணீர் கிணற்றுக்குள் போய்விடும். "பார்ப்பவர்கள் வடக்கயிற்றைத்தான் பார்ப்பார்கள். தண்ணீரைக் காப்பது வால்கயிறு."

பதினெட்டு வயது வரை இறைத்திருக்கிறார். பிறகு மோட்டார் வந்துவிட்டது. வேட்டியை விலக்கித் தொடையின் பின்பக்கத்தைக் காட்டினார். கயிறு அழுத்திய இடத்தில் தோல் இன்னும் கறுத்து, முடி முளைக்காமல் ஒரு பட்டை. எழுபத்தாறு வயதில் அந்தப் பட்டை இருக்கிறது. நான் அவருடைய மகள், இதுவரை பார்த்ததில்லை.

ஒவ்வொரு சொல் முடிந்ததும் விரலை மடக்கினார். கடைசியில், "எத்தனை சால் ஆயிற்று?" என்று கேட்டார். முப்பத்தொன்று நைனா.

மே 14

"ஒலித்தரம் போதாது. பேச்சின் பின்னணியில் தொடர்ச்சியான இரைச்சல் உள்ளது. இரைச்சலின்றி மீண்டும் பதிவு செய்யவும்."

அந்த இரைச்சல் நைனாவின் மூச்சு.

மே 15

நேற்று அதற்கு மேல் எதுவும் எழுத முடியவில்லை, குழுவுக்கும் சரி, இங்கும் சரி.

அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் கண்விழித்துச் சொல் சேர்க்கிறவர்கள். மூன்று வருடமாக அவர்களோடு இருக்கிறேன். தொடக்கத்தில் பதினான்கு பேர், ஒரே ஒரு விதி: கேட்டதை எழுது, யாரிடம் கேட்டாய் என்று எழுது. அந்த முதல் வருடத்தில் மட்டும் நான் நானூறு சொற்களுக்கு மேல் சேர்த்தேன். பிறகு யாரோ ஒருவர் தானே சொற்களைப் புனைந்து ஏற்றிவிட்டார். அதைத் தடுக்க விதி வந்தது. விதியைக் கவனிக்கத் துணைக்குழு வந்தது. துணைக்குழுவைக் கவனிக்க நெறியாளர்கள் வந்தார்கள். இப்போது நெறியாளர் ஆவதற்குத் தேர்வு இருக்கிறது. சொல் சேர்க்கிறவர்களைவிடச் சொல்லைச் சரிபார்க்கிறவர்கள் அதிகம்.

பேசுபவர் நேரலையில் தோன்றி, தன் குரலில் தன் பெயரைச் சொல்லி ஒப்புதல் தர வேண்டும் என்ற விதிக்கு நானும் வாக்களித்தேன். போலிகள் வரக்கூடாது என்றுதான் வாக்களித்தேன். குரல் போகப்போகிற ஒருவர் வருவார் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மே 16

அவசரம் என்று எழுதினேன். அவசர விண்ணப்பத்துக்குத் தனிப் படிவம்.

மே 17

துணைக்குழுவில் என் விண்ணப்பத்தின் கீழ் 63 கருத்துகள். எல்லாவற்றையும் படித்தேன். "வால்கயிறு" நீர்ப்பாசனம் என்ற பிரிவில் வருமா, கருவிகள் என்ற பிரிவில் வருமா என்பதே விவாதம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். வால்கயிறு என்றால் என்ன என்று 63 கருத்துகளில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. முடிவெடுக்க ஐந்து நெறியாளர்கள் வேண்டும், இருப்பது மூன்று பேர். வாய்மொழி ஆதாரமாகாது, அச்சில் வந்திருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேல் சொற்கள் இருக்கின்றன. அச்சில் ஏறுவதற்கு முன் அவையெல்லாம் யாரோ ஒருவருடைய வாயில்தானே இருந்தன?

மாலையில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வேலூர்க் கோட்டைக்குப் போய் அகழியோரம் உட்கார்ந்தேன். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோவில் மணி கேட்டது. 1981 வரை அது மூலவர் இல்லாத கோவில். தொல்லியல் துறையின் நினைவுச்சின்னம், வழிபாடு கிடையாது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை ஜனங்கள் கொண்டுவந்து வைத்த பிறகுதான் விளக்கு எரிந்தது. அந்த வருடம் நைனா ஆற்காட்டில் பஸ் மாறி வந்து கும்பிட்டுவிட்டுப் போனாராம். அன்றைக்கு எல்லாருடைய கையெழுத்தும் வரட்டும் என்று காத்திருந்தால் இன்னும் இருட்டாகத்தான் இருந்திருக்கும்.

மே 19

அத்தை வந்திருக்கிறாள். அழுதுகொண்டே இருக்கிறாள். நைனாதான் சமாதானம் சொல்கிறார், பீடி குடித்தவன் நான், நீ ஏன் அழுகிறாய் என்று. இருக்கிற கொஞ்சக் குரலையும் அவளுக்கே செலவழிக்கிறார். எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது.

மே 20

சேர்த்துவிட்டோம். வார்டில் பாதிப் பேர் வங்காளி பேசுகிறார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் அசாமிலிருந்து வந்தவர், அவருக்கும் தொண்டைதான். அறுவை முடிந்தால் கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு. பிறகு சின்ன வால்வு பொருத்திப் பழகினால் பேச்சு வரலாம் என்று மருத்துவர் படம் வரைந்து காட்டினார். வரும், ஆனால் அது வேறு குரலாக இருக்கும்.

இரவு ஒன்பதரைக்குப் போனைப் பார்த்தேன். நான்கு நெறியாளர்கள்.

விளக்கை அணைப்பதற்கு முன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என்ன நைனா என்றேன். ஒன்றுமில்லை என்றார். அதைப் பதிவு செய்யவில்லை.

மே 21

ஏழு மணி நேரம். முடிந்தது.

மே 23

மூக்கில் குழாய், கழுத்தில் துளை. இருமும்போது சத்தம் கழுத்திலிருந்து வருகிறது. நான்கு வரி நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதலில் எழுதியது: "தண்ணீர்". இரண்டாவது: "மோட்டார் கொட்டகைச் சாவி மாடத்தில்". எழுத்து பெரிது பெரிதாக, வரிகளைத் தாண்டிப் போகிறது.

மே 25

வந்துவிட்டது. "ஐந்து நெறியாளர்களும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர். வாழ்த்துகள். பேசுபவர் நாளை ஞாயிறு காலை 11 மணிக்கு நேரலையில் தோன்றி, தன் குரலில் பெயரும் ஒப்புதலும் கூறினால் 31 சொற்களும் வெளியிடப்படும்."

படிக்கட்டில் உட்கார்ந்து ஐந்தாறு முறை படித்தேன். நைனாவிடம் காட்டக்கூடாது என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் போனுக்குக் கையை நீட்டிவிட்டார். மெதுவாகப் படித்தார். நோட்டை வாங்கி எழுதினார்: "31தானா? நுகத்தடியைச் சொல்லவில்லை."

மே 26

பதினோரு மணிக்கு இன்னும் இருபது நிமிடம். கட்டு மாற்றிவிட்டார்கள். நோட்டின் ஒரு முழுப் பக்கத்தில் தன் பெயர், தன் அப்பாவின் பெயர், ஊர், கீழே "வடாற்காடு" என்று எழுதி வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரி அங்கி வேண்டாம், பையிலிருக்கும் வெள்ளைச் சட்டையை எடு என்று சைகை காட்டுகிறார்.