கூண்டு அட்டையில் எழுதிய பெயர்

ஆய்வுக்கான எலிகளை வளர்க்கும் எங்கள் அனிமல் ஹவுஸில் ஒவ்வொரு கூண்டுக்கு முன்னாலும் ஒரு அட்டை தொங்கும். எலியின் எண், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, எந்தக் குழு என்று அதில் எழுதியிருக்கும். ஊட்டிக்கு வந்து முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கிய முதல் வருடம், சில கூண்டுகளின் அட்டையில் குழு என்ற இடத்தில் 'ஆட்டிசம்' என்று தமிழிலேயே எழுதி வைத்தேன். கூண்டு மாற்றும் அக்காவுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான்.

ஒருநாள் காலை அக்கா உமி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அந்த அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கண்ணு, எங்க பேரனுக்கு இருக்கறதுதானா இந்த எலிங்களுக்கும்?"

பேரனுக்கு அப்போது ஆறு வயது. பேச்சு வரவில்லை. பேச்சுப் பயிற்சிக்காக வாரம் ஒருநாள் அக்காதான் அவனைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போவார். குன்னூர் இறங்கி மேட்டுப்பாளையம் போவதற்குள், கொண்டை ஊசி வளைவுகளில் அவனுக்கு இரண்டு தடவையாவது வாந்தி வந்துவிடும். பஸ் ஹாரன் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவசரத்தில், "ஆமாக்கா, அதே மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அந்தப் பதில் தவறு என்று புரிய எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

நாங்கள் செய்தது வால்ப்ரோயிக் அமில மாதிரி. மாதிரி என்றால், மனிதருக்கு வரும் ஒன்றின் சில அம்சங்களை எலியில் உருவாக்கிப் பார்ப்பது. வால்ப்ரோயேட் என்பது வலிப்புக்குப் பல காலமாகக் கொடுத்துவரும் நல்ல மருந்து. ஆனால் கர்ப்பத்தில் அதை எடுத்துக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளிடம் ஆட்டிசம் கூடுதலாகத் தெரிகிறது. 2013-ல் வந்த டென்மார்க் ஆய்வில், பொதுவாகக் குழந்தைகளில் 1.53 சதவீதமாக இருந்த ஆட்டிசம், வயிற்றிலேயே இந்த மருந்துக்கு ஆளானவர்களிடம் 4.42 சதவீதமாக இருந்தது. இந்தத் தொடர்பை வைத்துத்தான் எலியில் மாதிரி செய்கிறார்கள். பெண் எலியை ஆணோடு விட்டு, மறுநாள் காலை அதன் பிறப்புறுப்பிலிருந்து ஸ்மியர் எடுத்து, மைக்ராஸ்கோப்பில் விந்தணு தெரிந்தால் நாள் எண்ணத் தொடங்குவோம். பன்னிரண்டரையாவது நாள் வால்ப்ரோயேட் ஒரே ஒரு ஊசி. குட்டியின் மூளைக்கு அடித்தளம் உருவாகிக்கொண்டிருக்கும் நேரம் அது. மனிதர்களில் அதே கட்டம், பல பெண்களுக்குத் தான் கர்ப்பம் என்றே தெரியாத ஆரம்ப வாரங்களில் வந்துவிடுகிறது. வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண்கள் குழந்தை பெறத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேச வேண்டும், தானாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. இதை எங்கே பேசினாலும் ஒருமுறை சொல்லிவிடுவேன். நிறுத்தினால் வரும் வலிப்பு தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து.

இப்படிப் பிறக்கும் குட்டிகள் வளர்ந்ததும் மூன்று அறைப் பெட்டியில் விடுவோம். நடு அறையில் நம் எலி. ஒரு பக்க அறையில் கம்பிக் கிண்ணத்துக்குள் புது எலி, மறு பக்கம் வெறும் கிண்ணம். பத்து நிமிடம். சாதாரண எலி, புது எலி இருக்கும் பக்கமே சுற்றும், மூக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடிக்கும். வால்ப்ரோயிக் எலிகள் பலவும் அந்த ஆர்வத்தைக் காட்டாது. தன்னையே திரும்பத் திரும்ப நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருக்கும். ஒரு மூலிகைச் சேர்மம் இதை மாற்றுகிறதா என்பதுதான் என் கேள்வி.

முதல் தொகுதி முடிந்து கணக்குப் போட்டபோது, மூலிகைச் சேர்மமே கொடுக்காத வால்ப்ரோயிக் எலிகளும் ஏறக்குறைய சாதாரண எலிகளைப் போலவே நடந்திருந்தன. சேர்மம் வேலை செய்ததா என்று பார்க்கவே வழியில்லை. ஊசியில் தவறா, அளவில் தவறா என்று இரண்டு வாரம் நோட்டுகளைப் புரட்டினேன். கடைசியில் அக்காவே பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"அந்த ஆட்டிசம் கூண்டு குட்டிங்களை மட்டும் தெனமும் கொஞ்ச நேரம் மடியில வெச்சுக்குவேன் கண்ணு. சும்மா தடவிக் குடுப்பேன். பாவமில்ல?"

காகித உருளைகளையும் தேங்காய் ஓட்டுத் துண்டுகளையும் விளையாட உள்ளே போட்டிருக்கிறார். மற்ற கூண்டுகளுக்கு எதுவும் இல்லை. எனக்குத் தலை சுற்றியது. வால்ப்ரோயிக் எலிகளை விளையாட்டுப் பொருளும் இடமும் நிறைந்த கூண்டில் வளர்த்தால் அவற்றின் நடத்தை மாற்றங்களில் பல மறைகின்றன என்று போலந்து ஆய்வாளர்கள் 2006-லேயே வெளியிட்டிருக்கிறார்கள். நான் படித்த கட்டுரைதான். குட்டியைக் கையில் எடுத்துப் பழக்குவதே அதன் பயத்தை மாற்றும் என்பதும் பாடத்தில் உண்டு. ஆனால் அட்டையில் அந்தப் பெயரை எழுதி, அந்தப் பெயர் தினமும் யார் வீட்டில் ஒலிக்கிறதோ அவர் கையிலேயே கூண்டைக் கொடுத்தது நான். அக்காவின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

தொகுதி முழுவதையும் கைவிட்டோம். அத்தனை எலிகளும் என் கவனக்குறைவால் வீணாக உயிர்விட்டன. நெறிமுறைக் குழுவிடம் மறுபடி அனுமதி கேட்டபோது, கூடுதல் எலிகள் ஏன் வேண்டும் என்ற கட்டத்தில் காரணத்தை மறைக்காமல் எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது.

இரண்டாம் தொகுதிக்குக் கூண்டு அட்டையில் எண் மட்டும்தான். எந்த எண் எந்தக் குழு என்ற தாள் என் கைடின் பீரோவில். ஆனாலும் எலி காட்டிக் கொடுத்துவிடும். வால்ப்ரோயிக் குட்டிகள் சிலவற்றுக்கு வாலில் ஒரு மடிப்பு இருக்கும், யாரோ பிடித்து வளைத்துவிட்டது போல. வீடியோவில் அந்த வால் தெரிந்ததும் என் மனம் முடிவு செய்துவிடுகிறது. அதே எலி ஒரு நொடி ஒதுங்கி நின்றால்கூட 'பார், பழக மறுக்கிறது' என்று ஸ்டாப்வாட்ச் விரல் அழுத்துகிறது. அதனால் ஆய்வு என்னவென்றே சொல்லப்படாத ஒரு மாணவியைக் கொண்டு எல்லா வீடியோவையும் தனியாக அளக்க வைத்தோம். முதல் தொகுதியை நான் அளந்ததற்கும் அதே வீடியோக்களை அவள் அளந்ததற்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு, நானே அளந்த எந்த எண்ணையும் நான் தனியாக நம்புவதில்லை.

அப்புறம் குளிர். இதை ஊட்டியில் வேலை செய்தவர்கள்தான் சரியாகப் புரிந்துகொள்வார்கள். கண் திறக்காத குட்டியைத் தாயிடமிருந்து சில நிமிடம் பிரித்து வைத்தால் அது கூப்பிடும். நம் காது இருபது கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். குட்டியின் குரல் நாற்பதை ஒட்டி இருக்கும். தனி மைக் வைத்துப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்தால்தான் நமக்குக் கேட்கும். வால்ப்ரோயிக் குட்டிகள் குறைவாகக் கூப்பிடுகின்றன என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. தொடர்புகொள்ளும் ஆசை குறைவு என்று அதைப் படிக்கிறார்கள். ஆனால் அந்த வயதில் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. குளிர்ந்தாலும் கூப்பிடும். ஜனவரியில் வெளியே புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்த ஒரு காலையில் ஹீட்டர் ட்ரிப் ஆகி, இருபத்திரண்டு டிகிரி இருக்க வேண்டிய அறை பதினேழுக்கு வந்துவிட்டது. அன்று எந்தக் குழு என்று பார்க்காமல் எல்லாக் குட்டிகளும் கத்தித் தள்ளின. பேச ஆசையா, உடம்பு குளிருகிறதா? அந்தக் குரலை மட்டும் வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வேகம் குறைத்த பதிவை அக்காவுக்கு ஒருமுறை ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். "இத்தன நாளா பக்கத்துலயே நிக்கறேன், ஒண்ணும் கேக்கலையே" என்றார். அன்றுதான் உட்கார்ந்து, முதல் தடவை கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னேன். இந்த எலிக்கு ஆட்டிசம் இல்லை. ஆட்டிசத்தில் மூளைக்குள் என்ன நடக்கலாம் என்பதில் ஒரு சின்னத் துண்டை மட்டும் பார்க்க இது உதவும். எலி ஒதுங்கி நிற்பதும் உங்கள் பேரன் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருப்பதும் ஒன்று என்று யாராலும் சொல்ல முடியாது.

எலியில் நன்றாக வேலை செய்து மனிதரிடம் தோற்ற மருந்துகளைப் பற்றியும் சொன்னேன். பியூமெட்டனைட் எலிகளில் நம்பிக்கை தந்தது. குழந்தைகளிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனை 2021-ல் பலனில்லை என்று நின்றது. ஆக்சிடோசின் மூக்குத் தெளிப்பானை 3 முதல் 17 வயது வரையுள்ள 290 பேரை வைத்துச் சோதித்தார்கள். அதே 2021-ல் வந்த முடிவில், மருந்தில்லாத வெறும் தெளிப்பானைவிட அது மேல் என்று காட்ட முடியவில்லை. இன்று ஆட்டிசத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கும் ரிஸ்பெரிடோனும் அரிபிப்ரசோலும் கோபம், ஆவேசம் போன்றவற்றைத்தான் குறைக்கின்றன. பேச்சையும் பிறரோடு பழகுவதையும் அவை தருவதில்லை.

"அப்ப எதுக்குக் கண்ணு இத்தன எலி?"

நியாயமான கேள்வி. ரெட் சிண்ட்ரோமைச் சொன்னேன். ஒரே ஒரு மரபணு கெட்டுப்போவதால், பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வரும் நோய். அந்த மரபணுவைத் திரும்ப இயங்க வைத்தபோது, வளர்ந்த சுண்டெலிகளிடம்கூட அறிகுறிகள் பின்வாங்கியதை 2007-ல் ஏட்ரியன் பேர்டின் குழு காட்டியது. மூளை ஒருமுறை கெட்டால் கெட்டதுதான் என்று நினைத்திருந்த பலரையும் அது அசைத்தது. ரெட்டுக்கென்றே முதல் மருந்து அமெரிக்காவில் 2023-ல் அனுமதி பெற்றது, முழுக் குணம் இல்லாவிட்டாலும். காரணம் தெளிவாகத் தெரிந்த இடத்தில் எலி நிறையச் சொல்லித் தருகிறது. காரணம் பல முடிச்சுகளாகச் சிக்கியிருக்கும் இடத்தில் கொஞ்சம்தான் சொல்கிறது. அந்தக் கொஞ்சத்துக்காகவும் நான் இந்த வேலையை விட மாட்டேன். ஆனால் ஒரு பாட்டியிடம் அதை மருந்து என்று சொல்லிவிடவும் மாட்டேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "விளையாட்டு சாமான் போட்டா எலிக்கு நல்லதுன்னியே, அது பையனுக்கும் ஆகுமா?" என்று கேட்டார். சீக்கிரம் தொடங்கும் பயிற்சிகளுக்குப் பலன் உண்டு என்பதைக் குழந்தைகளிடமே பார்த்திருக்கிறார்கள், அதற்கு எலியின் சாட்சி வேண்டியதில்லை, கோயம்புத்தூர் போவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றேன்.

இப்போது நான்காவது தொகுதி ஓடுகிறது. ஹீட்டருக்குத் தனி இன்வெர்ட்டர் வந்துவிட்டது. காகித உருளை இப்போது எல்லாக் கூண்டிலும் இருக்கிறது, ஒரே அளவில், அக்காதான் வெட்டித் தருகிறார். அட்டைகளையும் அவரே தொங்கவிடுகிறார், எண் மட்டும் எழுதியவை. வியாழக்கிழமை அவருக்கு லீவு, அன்று கூண்டு மாற்றுவது என் வேலை. காலை ஐந்தரை பஸ்ஸுக்கு அவரும் பேரனும் கிளம்புவார்கள். பையனுக்கு இப்போது ஜன்னல் சீட் கிடைத்துவிட்டால் மேட்டுப்பாளையம் வரை வாந்தி வருவதில்லை என்று போன வாரம் சொன்னார்.