ராணிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு? உழக்குல ஆரம்பிச்ச கணக்கு

ஆடி மாசம் மொத வாரம் படித்துறைல துணி தொவைக்க வந்த அக்கா ஒருத்தவங்க எங்க நாய் ராணிய பாத்துட்டு "ஏம்மா, வயித்துல எத்தன குட்டி இருக்கும்?"னு கேட்டாங்க. ராணிக்கு கருத்தடை ஆபரேஷன் பண்ணி மூணு வருஷம் ஆச்சு. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. முன்னல்லாம் வயல்ல கொக்கு எறங்குனா வரப்பு வரப்பா தொரத்திட்டு ஓடுவா, இப்ப படித்துறைல எட்டு படி ஏறுறதுக்குள்ள நாக்க தொங்கப்போட்டுட்டு நடுவுல உக்காந்துடுறா, இத தெனம் பாத்துட்டே இருந்தும் எனக்கு ஒறைக்கவே இல்ல.

எங்க ஊரு திருவையாறு பக்கம். ஆபரேஷன் பண்ண ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே மறுபடி கூட்டிட்டு போனோம். டாக்டர் தராசு பக்கமே போகல, மொதல்ல ரெண்டு கையாலயும் வெலாவ தடவுனாங்க. அப்புறம் என் கைய புடிச்சு காட்டுனாங்க. உள்ளங்கைய கவுத்து விரல நீட்டி வச்சு புறங்கைய தடவுனா எப்படி எலும்பு தெரியுதோ, நாய்க்கு வெலா அப்படி தட்டுப்பட்டா சரியான எடை, விரல மடக்கி கணு மேல தடவுற மாதிரி துருத்திட்டு இருந்தா ரொம்ப எளச்சிருக்குன்னு அர்த்தம். ராணிய தடவுனா உள்ளங்கை சதைய தடவுற மாதிரி மெத்துமெத்துன்னு இருந்துச்சு. ஒடம்பு வாகுக்கு 1லேந்து 9 வரைக்கும் மார்க் போடுவாங்க, குண்டாக குண்டாக மார்க் ஏறும், 4, 5 இருந்தா நல்லது, இவளுக்கு 7 போட்டாங்க. தைராய்டு கோளாறு இருந்தாலும் எடை ஏறுமாம், அதுக்கு ரத்தம் எடுத்து பாத்தாங்க, ஒண்ணும் இல்ல. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒடம்புக்கு சாப்பாடு முன்ன அளவு தேவப்படாது, நாங்க பழைய அளவுலயே போட்டுட்டு இருந்திருக்கோம்.

எடை பாக்குறதுக்கு உரக்கடை எலெக்ட்ரானிக் தராசுதான். தனியா நிக்க மாட்டேன்னுட்டா. தம்பி அவள தூக்கிட்டு ஏறி நின்னான் 86.4, அவன் மட்டும் 62.2, அப்ப ராணி 24.2 கிலோ. அவ இருக்க வேண்டியது 20ன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க.

அடுத்தது கணக்கு. போன் கால்குலேட்டர்லயே போடலாம். இருக்க வேண்டிய எடைய மூணு தடவ பெருக்கணும், 20 x 20 x 20 = 8000. வர்ற விடைக்கு வர்க்கமூலம் பட்டன ரெண்டு தடவ அழுத்துனா 9.46 வரும், அத 70ஆல பெருக்குனா 662. சும்மா படுத்து கெடந்தாலே ஒடம்புக்கு ஒரு நாளைக்கு வேணுங்கற கலோரி இது. கருத்தடை பண்ண வளந்த நாய்க்கு இத 1.6ஆல பெருக்கணும், 1059 வரும். எடை குறைக்கணும்னா பெருக்கவே வேணாம், 662லயே ஆரம்பிக்க சொன்னாங்க. குட்டி நாய்க்கு இதே கணக்கு ரெண்டு மடங்கு, மூணு மடங்குன்னு போகும், அதனால இத பாத்துட்டு யாரும் குட்டிக்கு கொறச்சிடாதீங்க.

சரி, இவ இப்ப எவ்வளவு திங்கிறான்னு பாப்போம்னு நாலு நாள் நோட்டு போட்டு எழுதுனேன். அங்கதான் விஷயமே இருந்துச்சு. பாக்கெட் சாப்பாட்ட அம்மா உழக்குலதான் அளப்பாங்க, காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. சமையல் தராசுல வச்சு பாத்தேன், தலை தட்டி அளந்தா 125 கிராம், அம்மா கோபுரமா அள்ளிப் போடுறது 160. ரெண்டு வேளைக்கு 320 கிராம். எங்க பாக்கெட்ல 100 கிராமுக்கு 360 கலோரி போட்டிருக்கு, அப்ப அதுவே 1150 வந்துடுச்சு. அதுக்கு மேல மதியம் தயிர் சோறு, காலைல அப்பா தட்டுலேந்து ரெண்டு இட்லி, டீ குடிக்கும்போது நாலு பிஸ்கட். எல்லாம் சேத்து 1700 கிட்ட வருது. பாக்கெட் பின்னாடி இருக்கற அட்டவணை அது ஒண்ண மட்டுமே போட்டா எவ்வளவுங்கறதுக்குதான், நாங்க அத முழுசா போட்டுட்டு அதுக்கு மேல சோறும் போட்டிருக்கோம். அதோட அட்டவணைல 24 கிலோ வரிசைய பாத்துட்டு இருந்தோம், பாக்க வேண்டியது 20 கிலோ வரிசை.

புது அளவு இப்படி வந்துச்சு: பாக்கெட் சாப்பாடு 120 கிராம், அவிச்ச முட்டை ஒண்ணு, சோறு 70 கிராம். இதுவே 600 வந்துடும், மிச்சம் 60 சொச்சம் மத்ததுக்கு. ஒரே நாள்ல இதுக்கு எறக்கல, பத்து நாள் எடுத்து கொஞ்சம் கொஞ்சமா கொறச்சோம். தட்டுல அந்த 70 கிராம் சோத்த பாத்தா ஒரு கைப்பிடி கூட இல்ல. அம்மா கண்ணு கலங்கிட்டாங்க, "நெல்லு வெளயிற ஊர்ல வாயில்லா ஜீவன பட்டினி போடுறியேடி"ன்னாங்க. எனக்கும் தாங்கல. அப்புறம் பரங்கிக்காய உப்பு போடாம வேகவச்சு பெசஞ்சு குடுத்தோம், தட்டும் நெறயும் வயிறும் நெறயும், கலோரி கம்மி. அத அவ வழிச்சு நக்கி சாப்புட்டத பாத்த அப்புறந்தான் அம்மா சமாதானம் ஆனாங்க.

வாரத்துக்கு ஒடம்பு எடைல நூத்துக்கு ஒண்ணுலேந்து ரெண்டு பங்கு வரைக்கும் கொறையலாம், அதுக்கு மேல வேகமா போகக்கூடாது. மொத வாரம் 300 கிராம் எறங்குச்சு. பதினெட்டாம் பெருக்கு வந்த வாரம் 200 ஏறிடுச்சு, ஆத்தங்கரைல ஆளாளுக்கு தேங்கா சோறும் புளி சோறும் குடுத்திருக்காங்க. அது ஒரு நாள் கதை. ஆனா அதுக்கப்புறமும் ரெண்டு வாரம் அசையவே இல்ல, அப்பதான் தெரிஞ்சுது, பக்கத்து வீட்டு ஆயா தெனமும் காப்பில நனச்சு பன்னு குடுத்துட்டு இருக்காங்க. அவங்க பாசத்த எப்படி வேணாம்னு சொல்றது? காப்பி நாய்க்கு ஆகாதுங்கறத மட்டும் பக்குவமா சொன்னேன், வெங்காயம் பூண்டு போட்ட சாம்பாரும் வேணாம்னேன். அப்புறம் ஒரு வழி பண்ணோம். காலைல அன்னிக்கு முழுசுக்குமான பாக்கெட் சாப்பாட்ட நிறுத்து ஒரு டப்பால போட்டு திண்ணைல வச்சிடுவேன், ஆயாவோ அப்பாவோ யாரு குடுக்கணும்னாலும் அதுலேந்து நாலு எடுத்து குடுக்கலாம், டப்பா காலியானா அன்னிக்கு அவ்வளவுதான். ராணிக்கு என்ன குடுக்குறாங்கங்கறத விட யாரு கையால குடுக்குறாங்கங்கறதுதான் முக்கியம் போல, அந்த நாலு உருண்டைக்கே ஆயா காலடில போய் வால ஆட்டிட்டு நிக்கிறா. எல்லாத்தையும் விட எங்களுக்கு கை குடுத்தது இந்த டப்பாதான்.

ஐப்பசி அடமழைல நடக்க கூட்டிட்டு போக முடியல, அந்த மாசம் எறக்கம் ரொம்ப மெதுவா இருந்துச்சு. கார்த்திகை பொறந்தப்ப 20.4 கிலோ. வெலா கைக்கு தட்டுப்படுது, மேலேந்து பாத்தா இடுப்பு உள்ள வாங்கியிருக்கறது தெரியுது.

அதுக்கப்புறம் அளவ ஏத்தணும்ல. கணக்குப்படி 1059, ஆனா 950 வச்சப்பவே ரெண்டு வாரத்துல 300 கிராம் ஏறிடுச்சு. ஃபார்முலால வர்ற நம்பர் எங்க ஆரம்பிக்கணும்னு சொல்லும், அவ்வளவுதான், அதுக்கு மேல தராசும் நம்ம கையும்தான் சொல்லணும். இப்ப 900லதான் நிக்குது, அதாவது பாக்கெட் சாப்பாடு 180 கிராம், முட்டை ஒண்ணு, சோறு 80 கிராம், மிச்சம் மத்ததுக்கு. மாசம் பொறந்தா உரக்கடைக்கு போய் ஒரு தடவ நிறுத்துட்டு வர்றோம். அம்மா உழக்க விடல, ஆனா இப்பல்லாம் உள்ளங்கையால தலை தட்டி, தராசுல வச்சு என்னைய கூப்புட்டு காட்டிட்டுதான் போடுறாங்க.