கையெழுத்து வைக்காத அம்மா

எங்கட ஒழுங்கையில ஒரு அம்மா, தரம் 6 படிக்கிற மகளுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கிற எச்.பி.வி. ஊசி போடுற சம்மதப் படிவத்தில கையெழுத்து வைக்கேல்லை. "விளக்கமில்லாத சனம்" எண்டு ஒருத்தர் சொன்னார். எனக்குக் கோபம் வந்திட்டுது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில பிள்ளையளின்ர கிளினிக் காட்டுகளைப் பொலித்தீன் பையில சுத்தி நெஞ்சோட வச்சுக்கொண்டு நடந்தவ அவவின்ர தாய். ஊசியை வெறுக்கிற குடும்பமில்லை அது.

போய்க் கேட்டன். "நாளைக்கு இவளுக்குப் பிள்ளை தங்காட்டி ஆர் அக்கா பொறுப்பு?" எண்டா. இந்த ஊசி போட்டால் பிள்ளை தங்காது எண்டு வட்ஸ்அப்பில வந்த குரல் பதிவொண்டு அவவைப் போட்டு உலுப்பியிருக்கு.

இந்த ஊசியால பிள்ளைப்பேறுக்குப் பாதிப்பு வாறேல்லை. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் வந்தால்தான் சிலவேளை கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். அதுக்குக் காரணமான எச்.பி.வி. வைரசு உடம்புக்க வர முதலே போட்டால்தான் முழுப் பலன். அதாலதான் இந்தச் சின்ன வயதில போடுகினம், இலங்கையில 2017இல் இருந்து இலவசமா. கை நோகும், சில பிள்ளையளுக்குத் தலை சுத்தும் எண்டதையும் ஒளிக்காமல் சொன்னன். குடும்பநல மிஸ்ஸியோட (ஊர் மருத்துவமாதோட) கதைச்சிட்டு முடிவெடுக்கிறாவாம். எடுக்கட்டும், அவவின்ர பிள்ளை.

மிஸ்ஸிமாருக்கு ஒரு வீட்டில ஆறுதலா இருந்து கதைக்க நேரம் குடுங்கோ. ஒலிபெருக்கி அறிவித்தலை விட அந்தக் கதைக்குத்தான் எங்கட சனம் காது குடுக்கும்.

35 வயதான அம்மாமார், இந்தப் புற்றுநோய்க்கான அறிகுறி இருக்கோ எண்டு சோதிக்கிற சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கோ, அதுவும் இலவசம். எங்க, எந்த நாள் எண்டு உங்கட மிஸ்ஸியிட்டக் கேளுங்கோ.