சம்பளச் சீட்டு கேட்டால் முகம் சுளிப்பது ஏன்?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் தொழில் நடத்தும் நம்மவர்களில் சிலர் கோயில் அன்னதானத்துக்குத் தாராளமாகக் கொடுப்பார்கள். கடையில் வேலை பார்ப்பவர் சம்பளச் சீட்டு கேட்டால் மட்டும், "ஏன் தம்பி, என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்பார்கள்.

நம்பிக்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? வேலை நியமனச் சட்டத்தின்படி 2016 ஏப்ரல் முதல் சம்பளச் சீட்டு கட்டாயம். கையால் எழுதிக் கொடுத்தாலும் செல்லும். ஆனால் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம், மிகைநேரம் எல்லாம் தனித்தனியாகத் தெரிய வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் கிறுக்கிய துண்டுக் காகிதம் சம்பளச் சீட்டு ஆகாது.

சம்பளக் காலம் முடிந்து 7 நாள்களுக்குள் சம்பளம், 14 நாள்களுக்குள் மிகைநேர ஊதியம். உடலுழைப்புத் தொழிலாளருக்கு மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை, மற்றவர்களுக்கு 2,600 வெள்ளி வரை என்றால் மிகைநேரத்துக்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு தர வேண்டும். "தீபாவளிக்குச் சேர்த்துத் தருகிறேன்" என்ற வழக்கமான சமாதானத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

பாக்கி வைத்த முதலாளிமீது முறையிட, வேலையில் இருப்பவருக்கு ஓராண்டு அவகாசம் உண்டு. விலகியவருக்கு ஆறு மாதம்தான். "அண்ணன் எப்படியும் கொடுத்துவிடுவார்" என்று காத்திருப்பவர்கள் நாள்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.